டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிமம் லூசியானா பள்ளிகளுக்கு அருகே செல்லுபடியாகுமா?

அமெரிக்கச் சட்டம் அறிந்தவர்களின் உதவி தேவை. டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றுள்ள நான், வேலை நிமித்தம் அடிக்கடி காரில் லூசியானா செல்கிறேன். அம்மாநிலம் என் உரிமத்தை ஏற்கிறது. 2024 ஜூலை முதல் அங்கே உரிமமே கட்டாயமில்லை.

சிக்கல் கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் பெற்றவருக்கு விலக்கு தருகையில், அவ்வுரிமத்தைப் பள்ளி அமைந்துள்ள மாநிலமே அளித்திருக்க வேண்டும் என்கிறது; பிற மாநில உரிமத்தை அங்கீகரிப்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஏதாவதொரு பள்ளியைக் கடந்தாக வேண்டிய நிலையில், ஐந்தாண்டுச் சிறைவரை விதிக்கும் சட்டத்தை இப்படி எழுதி வைத்திருப்பது பெரும் குறை என்றே கருதுகிறேன்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் இச்சட்டம் இடம்பெறும் 922-ஆம் பிரிவை முழுவதும் படித்தேன். உரிமப் பயிற்சியாளர் என் டெக்சாஸ் உரிமம் அங்கே செல்லும் என்றார். துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் (ATF) துறையின் நிலைப்பாடோ செல்லாது என்பது. காவல் அலுவலகம் ஒன்று வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லிவிட்டது. தோட்டாவை நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்தால் விலக்கு உண்டு. ஆனால் தற்காப்புக்கு அது உதவாது.

பிற மாநில உரிமத்தை அங்கீகரிப்பதும் இந்த விலக்குக்குப் போதும் என்று கூறும் நீதிமன்றத் தீர்ப்பு ஏதேனும் உண்டா?