கேட் மென்பொருளில், ஸ்கெட்ச்சில் (2டி கோட்டுப் படத்தில்) போட்ட பில்லட்டை, அதாவது மூலையை உருட்டும் வளைவை, மாற்றப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

தகடு டிசைன்
120க்கு 80 பேஸ் பிளேட். நாலு மூலைக்கும் ஒரே தடவையில் ரேடியஸ் 6 பில்லட் போட்டிருந்தேன். ரிவிஷனில் இரண்டு மூலை மட்டும் 10 ஆக வேண்டும். ஒன்றை மாற்றினால் நாலும் மாறியது, ஈக்வல் ரிலேஷன் (எல்லாம் சம அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டு) இருந்ததால். அவசரத்தில் அந்த இரண்டு மூலையின் ஆர்க்கையும் (வளைகோட்டையும்) டெலீட் செய்து, கோடுகளைக் கையால் இழுத்துச் சேர்த்து, புதிதாக 10 போட்டேன். டவல் ஓட்டைக்கான (பொருத்தும் பின் இறங்கும் ஓட்டை) அளவை அதில் ஒரு மூலையின் கற்பனைப் புள்ளியிலிருந்துதான் (இரு கோடுகளையும் நீட்டினால் சந்திக்கும் இடம்) எடுத்திருந்தேன். ஆர்க்கோடு புள்ளியும் போயிற்று, அளவும் போயிற்று, கோட்டை இழுத்தபோது ஓட்டை 0.4 மி.மீ. நகர்ந்திருக்கிறது. கறுப்பாக (முழுதும் அளவு கட்டப்பட்டதாக) இருந்த ஸ்கெட்ச் நீலமானதை (எங்கோ அளவு விட்டுப்போனதை) என் கண் பார்த்தது. வடிவம் சரியாக இருக்கிறதே என்று மூடிவிட்டேன். மாடலிலிருந்தே நேராக கேம் (மெஷினுக்கான வெட்டுப் புரோகிராம்) எடுத்தார்கள். 40 பிளேட். இன்ஸ்பெக்‌ஷனில் ஓட்டையின் இடத்தைச் சோதிக்கும் கேஜின் பின்னை வைத்து அழுத்துகிறார்கள், இறங்கவே இல்லை. சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

விஎம்சி ஆபரேட்டர்
சார், நீங்க பில்லட்டை ஸ்கெட்ச்சுல போட்டதுதான் தப்பு. பாடி எழுப்பின பிறகு (ஸ்கெட்ச்சைத் திட வடிவமாக்கின பிறகு) 3டி பில்லட் போட்டிருந்தா ஓட்டை ஏன் நகருது? எனக்கு வேற கதை. உள்பாக்கெட்டுக்கு ரேடியஸ் 5னு வந்துச்சு, நம்ம விஎம்சியில (கம்ப்யூட்டர் ஓட்டுற மில்லிங் மெஷின்) இருந்தது 10 மி.மீ. எண்ட் மில், அதாவது ரேடியஸ் அதே 5 உள்ள கட்டர். மூலைக்கு வந்ததும் கட்டர் ஒரு நொடி நின்னு திரும்புச்சு பாருங்க, அந்தக் கீச்சு சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டுச்சு. நாலு மூலையிலயும் சேட்டர் வரி (கட்டர் அதிர்ந்த கோடு). 5.5 கொடுத்திருந்தா கட்டர் வளைஞ்சு போயிருக்கும். டிசைனருங்ககிட்ட மாத்தச் சொல்லிக் கேட்டா, "ஸ்கெட்ச்சைத் தொட்டா எல்லாம் உடையும்"னு சொன்னாங்க.

குழாய் வேலை
ஆபரேட்டர் அண்ணா, எல்லாவற்றையும் 3டியில் போட முடியாது. ஹேண்ட்ரெயிலுக்கு ஸ்வீப் பாதை (குழாய் வடிவம் ஓட வேண்டிய கோடு) வரைகிறேன், வளைவு அந்த ஸ்கெட்ச்சில்தானே இருக்க வேண்டும்? இரண்டு 90 டிகிரி வளைவு, மூலைக்கு மூலை 100 மி.மீ. ரேடியஸை 40லிருந்து 60க்கு மாற்றினேன். ஸ்கெட்ச் பிழை காட்டி முழுக்கச் சிவந்துவிட்டது. அரை மணி நேரம் கன்ஸ்ட்ரெயின்ட்களை (அளவு, உறவுக் கட்டுகளை) ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். 90 டிகிரியில் ஒவ்வொரு வளைவும் தன் ரேடியஸ் அளவுக்குக் கோட்டைத் தின்னும். 60ம் 60ம் 120, இருப்பதோ 100. 50க்கு மேல் போகவே முடியாது. மென்பொருள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

வரைபடம் கற்பிப்பவர்
என் மாணவி ஒருத்தி தேர்வில் இதே மாதிரி ஆர்க்கை அழித்து அழுதுவிட்டாள், அது தனிக்கதை. நண்பர்களே, முதலில் ரேடியஸ் அளவை இருமுறை கிளிக் செய்து மாற்றப் பாருங்கள், ஆர்க்கைத் தொடாதீர்கள். ஒரு மூலை மட்டும் மாற வேண்டுமென்றால் அந்த ஆர்க்கின் ஈக்வல் ரிலேஷனை மட்டும் நீக்கி, அதற்குத் தனியாக அளவு கொடுங்கள், டேன்ஜென்ட் (கோடும் வளைவும் முறியாமல் சேரும் கட்டு) அப்படியே இருக்கட்டும். கூர் மூலையே வேண்டுமா? ஆட்டோகேடில் ஆர்க்கை அழித்துவிட்டு, பில்லட் கட்டளையில் இரண்டாவது கோட்டைத் தொடும்போது ஷிப்டைப் பிடியுங்கள், கோடுகள் தாமே போய்ச் சந்திக்கும். ஃப்ரீகேடில் மூலைப்புள்ளியைக் காக்கும் வசதி பில்லட் கருவியிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஓட்டைகளுக்கு மூலையிலிருந்து அளவே எடுக்காதீர்கள். நடுக்கோட்டிலிருந்து எடுங்கள், அல்லது நேரான விளிம்பிலிருந்து. மாற்றி முடித்ததும் நீலக்கோடு எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

விஎம்சி ஆபரேட்டர்
குழாய்க்கு ஒத்துக்கிறேன் தம்பி. பிளேட்டுக்கு ஒத்துக்க மாட்டேன்.

தகடு டிசைன்
பிளேட்டுக்கும் சில நேரம் வேண்டும் அண்ணா, லேசர் கட்டிங்குக்கு ஸ்கெட்ச்சையே டிஎக்ஸ்எஃப் (வரைபடக்) கோப்பாக அனுப்புகிறோம். டீச்சர் சொன்ன நடுக்கோட்டு முறைக்கு மாறிவிட்டேன். அந்த 40இல் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். பின் இன்னும் இறங்கவில்லை.