1992: அந்த ஆண்டு உங்களுக்குப் பிடித்த ஒலிநாடாக்கள்

ஆண்டு முடியும்போதெல்லாம் அந்த ஆண்டின் சிறந்த இசைத் தொகுப்புகளைப் பேசித் தீர்க்கிறோம். இந்த முறை பழைய ஆண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ரோஜா வந்த ஆண்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், எந்தப் பாட்டு உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள்.

நான் அப்போது திருச்சியில் கல்லூரி மாணவன். கம்பெனி கேசட் வாங்கக் கட்டுப்படியாகாது. வெற்று நாடாவையும் பாட்டுப் பட்டியலையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் போய் வாங்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு ஓர் அறுபது நிமிட நாடாவைக் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் என் பட்டியலைப் பார்க்கவே இல்லை. ஏ பக்கம் ‘ரோஜா’, பி பக்கம் ‘தேவர் மகன்’ என்று அவரே பதிந்து வைத்திருந்தார். போதாக்குறைக்கு ஈக்வலைசரில் பேஸை உச்சத்துக்கு ஏற்றிவிட்டிருந்தார். விடுதி அறையின் சின்ன டேப்ரிக்கார்டரில் ‘தமிழா தமிழா’ ஒலித்தபோது மேசை அதிர்ந்தது. பாடியவர் யார் என்று அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹரிஹரனுக்குத் தமிழில் அதுதான் தொடக்கம்.

விடுதி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ‘தேவர் மகன்’ இசையமைத்த பழைய இளையராஜாவா, ‘ரோஜா’வில் அறிமுகமான புதுப் பையன் ரகுமானா? எனக்கு அந்தச் சண்டை அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. என் முதலிடம் ‘தேவர் மகன்’. ‘மாசறு பொன்னே’ பாட்டுக்காகவே அதைக் கொடுப்பேன். மாயாமாளவகௌளை, பாட்டு கற்பவர்கள் முதலில் தொடும் ராகம். அதை வைத்துக்கொண்டு ராஜா ஒரு கோயிலையே எழுப்பிவிட்டார். ‘போற்றிப் பாடடி பெண்ணே’ இசையாக எனக்குப் பிடிக்கும். ஆனால் சாதிக் கூட்டங்களில் ஒலிபெருக்கி கட்டி அதை அலறவிடும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

அடுத்து ‘ரோஜா’. மூன்றாவது இடத்தை யாரும் எதிர்பார்க்க மாட்டீர்கள்: மரகதமணியின் ‘வானமே எல்லை’. தயாரிப்பு நிறுவனமான கவிதாலயா அந்த ஒரே ஆண்டில் ‘அண்ணாமலை’க்குத் தேவா, ‘ரோஜா’வுக்கு ரகுமான், இதற்கு மரகதமணி என்று மூன்று பேரை வைத்து வேலை வாங்கியது. மற்ற இரண்டையும் ஊரே பேசியது. இதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ‘கம்பங்காடே’ பாட்டைக் கேட்டுவிட்டு வந்து என்னோடு வாதாடுங்கள்.

* * *

அண்ணா, ரோஜா பக்கமும் தேவர் மகன் பக்கமும் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே குரல் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! மின்மினி.

எனக்கு அப்போது பள்ளி வயது. பாட்டுப் போட்டிகளில் மேடையேறும் பெண்கள் எல்லோரும் அந்த ஆண்டு ‘சின்னச் சின்ன ஆசை’தான் பாடினோம். வரிசையாக ஐந்தாறு பேர் அதையே பாடியதும் நடுவராக வந்த டீச்சர் எழுந்து, இனி வருகிறவர்கள் வேறு பாட்டுப் பாடினால் மட்டும் மதிப்பெண் என்று அறிவித்துவிட்டார். அடுத்து நான். வேறு எதுவும் தயாரித்திருக்கவில்லை. வீட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ‘மாசறு பொன்னே’ வாயில் வந்தது. ஸ்வர்ணலதாவும் மின்மினியும் சேர்ந்து பாடியதை ஒற்றை ஆளாகப் பாடி இரண்டாம் பரிசு வாங்கினேன். முதல் பரிசு, அறிவிப்புக்கு முன்பே ‘சின்னச் சின்ன ஆசை’ பாடி முடித்த பெண்ணுக்குப் போனது. எனக்கு அந்த வருத்தம் முழுக்கத் தீரவில்லை.

மின்மினியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் இளையராஜா, அதே ஆண்டு வெளியான ‘மீரா’வில். ஆகவே என் பட்டியலில் ‘மீரா’வும் உண்டு. எஸ்.பி.பி.யும் ஆஷா போஸ்லேயும் பாடிய ‘ஓ பட்டர்ஃப்ளை’ ஒன்றுக்கே அந்த நாடாவை வாங்கலாம். படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

விருதுகள்கூட இரண்டு பக்கமும்தான் போயின. ‘ரோஜா’ இசைக்கு ரகுமான், அதன் வரிகளுக்கு வைரமுத்து, ‘தேவர் மகன்’ படத்தின் ‘இஞ்சி இடுப்பழகி’ பாடியதற்கு ஜானகி அம்மா. மூன்றும் தேசிய விருதுகள். எந்தப் பக்கம் தோற்றது என்கிறீர்கள்?

* * *

நீங்கள் இருவரும் நாடா, ஈக்வலைசர், மேடை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தேன். 1990இல் போன மின்சாரம் திரும்பி வரவில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிப் பெட்டியில் கொடுப்போம். ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டு தேயும். எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம்.

திருச்சி வானொலி எங்களுக்கு நன்றாக எடுக்கும். ‘புது வெள்ளை மழை’யை அதில்தான் முதலில் கேட்டேன். பெடல் என் தம்பியின் கையில் இருந்தது. உன்னி மேனன் தொடங்கியதும் கேட்கிற ஆவலில் அவன் சுற்றுவதை மெதுவாக்கிவிட்டான். பாட்டு போய்விட்டது. சித்தப்பா பாய்ந்து பெடலைப் பிடித்துச் சுற்றினார். மீண்டும் ஒலி வந்தபோது சுஜாதா பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டின் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்பது கொழும்புக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

ஆகவே ‘தொகுப்பு’ என்று நீங்கள் சொல்வதை நான் முழுதாக ஒரே இருப்பில் கேட்டதில்லை. வானொலி எதைக் கொடுத்ததோ அதுதான் என் பட்டியல். அதில் முதலிடம் ‘சின்னக் கவுண்டர்’ படத்தின் ‘முத்துமணி மாலை’. சுசீலா அம்மாவின் குரல் வந்தால் எங்கள் அம்மம்மாவே எழுந்து வந்து பெடலைச் சுற்றுவார்.

* * *

திருச்சிக்காரன்தான் மறுபடியும். தங்கைக்கு: மின்மினி விஷயத்தில் வாயடைத்துப் போனேன். யாழ்ப்பாண நண்பருக்கு: உங்கள் அம்மம்மாவின் தேர்வுக்கு நான்காம் இடம் தருகிறேன். ‘வானமே எல்லை’யை மட்டும் இறக்க மாட்டேன். அடுத்து யார்? ‘அண்ணாமலை’ ரசிகர்கள் இன்னும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே.