பர்ஸ்பெக்டிவில் பெட்டியின் மூலை ஏன் கப்பல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வருகிறது? (நாட்டா நுழைவுத்தேர்வுக்கு 7 வாரம்)

தளிர்2பி:

வணக்கம். பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டேன். ஊர் காரைக்குடி. கட்டிடக்கலைப் படிப்பான பி.ஆர்க் சேர ஆசை, அதற்காக நாட்டா எழுதப்போகிறேன். கோச்சிங்குக்காகச் சென்னையில் தங்கிப் படிக்க வசதியில்லை. எப்படியும் வரைவதுதானே என்று இங்கேயே ஒரு சென்டரில் பில்டிங் டிராஃப்டிங் ஆரம்பக் கோர்ஸில் சேர்ந்தேன். பிளான், எலிவேஷன், செக்‌ஷன் முடிந்து ஐசோமெட்ரிக் (பெட்டியின் மூன்று பக்கமும் தெரிய, 30 டிகிரி சாய்வில் வரைவது) வரை வந்துவிட்டோம். அங்கே என் ஷீட்டுக்கு நல்ல பேர்.

வீட்டில் மாதிரித் தாள் போடும்போதுதான் தடுமாற்றம். "பஸ் ஸ்டாண்டில் ஒரு தண்ணீர்ப் பந்தல், அருகே நின்று பார்ப்பதுபோல் வரைக" என்று கேள்வி. கால், கூரை எல்லாம் அளவாகத்தான் போட்டேன். ஆனால் மொட்டை மாடியிலிருந்து பார்த்த மாதிரி இருக்கிறது. பந்தலின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரிசாக வேறு தெரிகிறது. சரி என்று வீடியோ பார்த்து டூ பாயிண்ட் பர்ஸ்பெக்டிவ் முறையில் (பெட்டியின் இரண்டு பக்கத்துக் கோடுகளும் கண்மட்டத்தில் ஆளுக்கொரு புள்ளியில் சேர்வதுபோல்) போட்டால், முன் மூலை கப்பல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வருகிறது. ஒரு படத்துக்கு 50 நிமிஷம் ஆகிறது. நாட்டாவில் படம் வரையும் ஏ பகுதியில் 90 நிமிஷத்துக்குள் 3 கேள்வி. கோர்ஸ் சாரிடம் கேட்டால் "பழகப் பழக வரும்" என்கிறார்.

இன்னொன்று, ஷீட் முடிப்பதற்குள் தாள் முழுக்கக் கரி.

நேர்கோடு:

டிராஃப்டிங் எல்லாம் பழைய காலம். பேசாமல் கம்ப்யூட்டரில் வரைய ஆட்டோகேட் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆர்க்கி மூணாம் வருஷம்:

மேலே சொன்னவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த 7 வாரத்தில் ஆட்டோகேட் ஒரு மார்க்கும் வாங்கித் தராது. படம் வரையும் பகுதி தாளில், கையால்தான்.

தம்பி, உங்கள் படத்தைப் பார்க்காமலேயே சொல்கிறேன்: பந்தலை ஐசோமெட்ரிக்கில் வரைந்திருக்கிறீர்கள். கோர்ஸில் தினமும் 30 டிகிரி செட்ஸ்கொயர் பிடித்த கை, இங்கேயும் அதே சாய்வைப் போடுகிறது. ஐசோவில் இணைகோடுகள் கடைசிவரை இணையாகவே போகும். பார்க்கிற கண்ணோ தூரத்தில் இருப்பது சிறிசாகும் என்று எதிர்பார்க்கிறது. அது சிறுக்காததால்தான் பின்பக்கம் வீங்கின மாதிரி இருக்கிறது. சந்தேகம் என்றால் கூரையின் இரண்டு நீள விளிம்புகளையும் ஸ்கேல் வைத்து நீட்டிப் பாருங்கள். எங்கேயும் சேராது.

இனிமேல் எந்தப் படத்துக்கும் முதல் கோடு கண்மட்டக் கோடுதான் (உங்கள் கண் உயரத்தில் போகும் படுக்கைக் கோடு). சமதரையில் நின்று பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் உயரத்தில் இருக்கிற ஆட்கள் எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில்தான் வரும். கிட்டே நிற்பவருக்கும் அப்படித்தான், பஸ் பக்கத்தில் நிற்பவருக்கும் அப்படித்தான். கால்தான் மேலே கீழே போகும். பானை கோட்டுக்குக் கீழே இருப்பதால் அதன் வாய் தெரியும். கூரை கோட்டுக்கு மேலே, அதனால் அதன் அடிப்பக்கம் தெரியலாம், மேல்பக்கக் கீற்று தெரியவே கூடாது. மொட்டை மாடி பிரச்சனை இதோடு தீர்ந்துவிடும்.

தளிர்2பி:

தம்பி இல்லை, தங்கச்சி! நீட்டிப் பார்த்தேன் அண்ணா, பக்கத்துத் தாள் வரை போயும் சேரவில்லை. ஆனால் கப்பல் மூக்கு இன்னும் இருக்கிறது. டூ பாயிண்ட்டில் இரண்டு புள்ளிகளையும் 15 செ.மீ. இடைவெளியில் தாளுக்குள்ளேயே வைக்கிறேன். பெட்டியின் கீழ் மூலை, நடுவில், கண்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே.

பழைய டீஸ்கொயர்:

நல்லவேளை அளவு கொடுத்தாய் பாப்பா. 31 வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவன் நான், அளவில்லாமல் கேட்டால் எரிச்சல் வரும்.

பிராட்ராக்டரை எடுத்து அந்தக் கீழ் மூலையை அள. 74 டிகிரி பக்கத்தில் வரும். தரையில் இருக்கிற சதுரப் பெட்டியின் பக்கத்து மூலை, இயல்பாக நின்று பார்க்கும் கண்ணுக்கு 90க்கு மேல்தான் தெரியும். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 என்று பள்ளியில் படித்திருப்பாய். அதே கணக்கு இங்கே வேலை செய்கிறது. இரண்டு புள்ளிகளையும் விட்டமாக வைத்து ஒரு வட்டம் போடு. மூலை வட்டத்துக்குள் இருந்தால் 90க்கு மேல், வெளியே போனால் 90க்குக் கீழே, மூக்கு நீளும். உன் வட்டத்தின் ஆரம் 7.5, உன் மூலையோ 10 கீழே. வெளியே போய்விட்டது.

புள்ளிகளைத் தள்ளி வை. தாளின் இரண்டு பக்கமும் பழைய நியூஸ்பேப்பரை ஒட்டி 60 செ.மீ. இடைவெளியில் வைத்து பத்துப் பெட்டி போடு. பிறகு பேப்பரைக் கிழித்துவிட்டு, புள்ளி அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டே கையால் போடு. பரீட்சையில் நியூஸ்பேப்பர் ஒட்ட விடமாட்டார்கள்.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு ஒன் பாயிண்ட் (தூரம் போகும் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேரும் முறை) படிக்க வீடியோ தேடுவது அநியாயம். தெரிந்தவர்களின் பெரிய வீடு எதிலாவது வாசல் நடுவில் நில். முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு தாண்டி கொல்லைக் கதவு வரை நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். வளவுத் தூண்களின் இடைவெளி எப்படி நெருங்குகிறது என்று பார். முதல் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு அடி என்று தோன்றினால் அடுத்தது ஒரு அடி இருக்காது. உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று என இரண்டு படம் வரை.

கரி: கட்டுமானக் கோட்டுக்கு (முதலில் லேசாகப் போடுவது) 2எச் பென்சில், முடிக்கும் கோட்டுக்கு எச் அல்லது எச்பி. ஷீட்டில் 2பி பக்கமே போகாதே (பேரிலேயே வைத்திருக்கிறாய்!). மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். டிராஃப்டர் ஸ்கேலின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு ஷீட்டுக்கு முன்பும் துணியால் துடை. அழுக்கு முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது. கை வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள்.

ஆர்க்கி மூணாம் வருஷம்:

தங்கச்சி, மன்னிக்கவும்! ஐயா சொன்னதோடு நேரக் கணக்கு மட்டும். 4 நிமிஷம் தீப்பெட்டி அளவில் இரண்டு மூன்று குட்டிப் படம், 15 நிமிஷம் வரைவு, மிச்சம் நிழல். ஸ்கேலைத் தொடாதீர்கள், 50 நிமிஷம் அங்கேதான் கரைகிறது. கோர்ஸ் வீண் இல்லை. செக்‌ஷனில் வெட்டுப்பட்ட சுவரைத் தடித்த கோட்டிலும் மற்றதை மெல்லிய கோட்டிலும் போடுவீர்களே, அதே பழக்கத்தில் கிட்டே இருப்பதை அழுத்தியும் தூரத்தை லேசாகவும் போடுங்கள். படத்துக்கு ஆழம் வந்துவிடும்.

தமிழ்நாடு கவுன்சிலிங்கில் பிளஸ் டூ 200, நுழைவுத்தேர்வு 200 என்று 400க்குத்தான் ரேங்க். படம் சொதப்பினாலும் நாட்டாவில் விடையைத் தேர்ந்தெடுக்கும் பி பகுதியின் 120 மார்க்கை விட்டுவிடாதீர்கள். திருச்சி என்ஐடி, டெல்லி, போபால், விஜயவாடா எஸ்பிஏ (மத்திய அரசின் கட்டிடக்கலைக் கல்லூரிகள்) எல்லாம் ஜேஇஇ மெயின் தாள் 2ஏ வழியாக. அங்கே நாட்டா செல்லாது.

தளிர்2பி:

9 நாள் கழித்து வருகிறேன். பழைய படத்தில் மூலை 74 டிகிரியேதான்! ஐயா எப்படிச் சொன்னார் என்று தோழியிடம் காட்டி, வட்டமும் போட்டுப் பார்த்தோம். புள்ளிகளைத் தள்ளினதும் 140க்கு மேல் வந்துவிட்டது, மூக்கு போய்விட்டது. நேற்று பந்தலை மறுபடி வரைந்தேன், 32 நிமிஷம். ஷீட்டும் வெள்ளையாக இருக்கிறது.

அப்பா கொத்தனார். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "காலு நாலும் சரியா நிக்குது. பானைய எதுமேல வச்சிருக்க?" என்றார். பார்த்தால் பானை அந்தரத்தில் நிற்கிறது. முக்காலி போட மறந்திருக்கிறேன்.