கிரவுண்டே கைதட்டிய ஹாக்கி பையன், அப்புறம் ஏன் காணாமல் போனான்? பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரிசல்காட்டான்:
பெயர் வேண்டாம். லெஃப்ட் இன், அதாவது இடது பக்க ஃபார்வர்டு. கோவில்பட்டியில் ஆடியவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். ஒரு செலக்‌ஷன் மேட்ச், நான் ஸ்கோர் மேஜையில் இருந்தேன். மூன்று பேரை டாட்ஜ் செய்து, கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' வட்டத்துக்குள் போய்விட்டான். கோல்கீப்பரும் விழுந்தாயிற்று. அடிக்க வேண்டியதுதானே? கடைசியாக ஏமாந்தவன் எழுந்து வருவதைப் பார்த்து, நின்று, அவனையே இன்னொரு தடவை ஏமாற்றினான். கேலரி அப்படிக் கத்தியது. செகண்ட் போஸ்ட்டில் ஒருத்தன் பாஸ் கேட்டு ஸ்டிக்கைத் தரையில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே நின்றான். பந்து அவனிடம் போகவே இல்லை. செலக்டர் குனிந்து என்னிடம் கேட்டார்: "தட்டிக்கிட்டு நிக்கான்லா, அவன் பேரு என்ன?"

பழைய ஹாஃப்:
அண்ணாச்சி, சுயநலம் என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரளைத் தரையில் பாஸ் போட்டால் பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே துள்ளும் என்று போட்டவனுக்கே தெரியாது. ஸ்டிக்கோடு பந்தை ஒட்டி வைத்திருப்பவன்தான் பிழைப்பான். அதற்குத்தானே பத்து வயதிலிருந்து நாம் கைதட்டினோம்? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரை, வந்துவிட்டது. எங்கள் டீம் பையன் டர்ஃபில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவனுக்கு வயது 17. எழும்பூர், தண்ணீர் அடித்த டர்ஃப், காலில் சரளைக்கு வாங்கிய ஷூ. முதல் டாட்ஜில் எதிராளி ஏமாந்தான், இவனும் சறுக்கி விழுந்தான், பந்து மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. எழுந்து சிரித்தான். முழங்காலில் தோல் இல்லை.

கோலி86:
ரெண்டு பேர் சொல்வதும் பாதிதான். என் ரூம்மேட் டர்ஃபிலேயே வளர்ந்தவன், அவனும் காணாமல் போனான். கேம்ப்பில் யோ-யோ டெஸ்ட். பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகும், 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்ப வேண்டும். அவன் சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரமாக நின்று பந்தை ஸ்டிக்கில் தட்டித் தட்டி விளையாடினான். ஐம்பது அறுபது தட்டு, கீழே விழவில்லை. நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தோம். கோச் மட்டும் ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது 15 நிமிடக் குவார்ட்டர் நாலு, ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆறு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு பெஞ்சுக்கு வா என்பார்கள். பந்தை விட்டவுடன் முதலில் துரத்த வேண்டியவன் ஃபார்வர்டுதான். என் ரூம்மேட் பந்து போனால் இடுப்பில் கை வைத்து நிற்பான்.

வேம்பாறு சித்தப்பா:
என் அண்ணன் மகனும் இப்படித்தான், ஜூனியர் நேஷனலோடு சரி. அது போகட்டும், பெற்றோர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். ஆட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு வேலைக்குப் பாரம்தான் (எந்த மட்டத்தில் ஆடினான் என்ற சான்றிதழ்ப் படிவம்) பேசும். இந்தியாவுக்கு ஆடினால் பாரம் 1, மாநிலத்துக்காக நேஷனல் ஆடினால் பாரம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடினால் 3, பள்ளி நேஷனலுக்கு 4. மேட்ச் முடிந்த கையோடு சங்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாலு வருஷம் கழித்துப் போனால் அந்தச் செயலாளரே மாறியிருப்பார். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். ஜெராக்ஸ் பத்து எடுத்து வையுங்கள். டிகிரியை விடவே விடாதீர்கள், தபாலிலாவது முடிக்கச் சொல்லுங்கள். வயது வரம்பைப் பாருங்கள். காலையில் கேழ்வரகுக் கூழ் கொடுங்கள், இந்த டப்பாப் பவுடரெல்லாம் வேண்டாம்.

கோலி86:
சித்தப்பா, கூழ் குடித்தால் டிராக் பேக் செய்வானா? பந்து போனதும் பின்னால் ஓடி வந்து தடுப்பானா?

பழைய ஹாஃப்:
அவர் லேமினேஷன் பற்றிச் சொன்னது உண்மை. என்னுடையதை ஒரு ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ரைட்அவுட்:
ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் சொல்லும் பையன்களில் நானும் ஒருத்தன். கரிசல் அண்ணன் சொன்ன ஆள் இல்லை, ஆனால் அந்த மாதிரிதான்.

2022 ஆசியக் கோப்பை, ஜகார்த்தா, பாகிஸ்தான் மேட்ச். கோவில்பட்டி ஹாஸ்டலில் பயிற்சி எடுத்த கார்த்தி செல்வம் இந்திய அணியில். டீக்கடையில் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பெனால்டி கார்னர், முதல் அடி தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது, கார்த்தி அடித்தார், கோல். ஒரு டாட்ஜ் கிடையாது. கடைக்காரருக்கு என் பழைய கதை தெரியும். "ஏலே, அந்த எடத்துல நீ நின்னிருந்தா?" என்றார்.

டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். நான் அந்த இடத்தில் நின்றிருக்கவே மாட்டேன். கோலிலிருந்து எட்டத்தில், 25 யார்டு கோட்டுக்கு வெளியே நின்று, பந்தை என்னிடம் கொடு என்று கத்திக்கொண்டிருந்திருப்பேன்.