பழைய குடும்ப வீட்டில் காலடிச் சத்தம்: ஆய்வுக் குழுவை உள்ளே விடலாமா?

மாடிப்படி:
கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு, நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இப்போது பெரியம்மா மட்டும் அங்கே இருக்கிறார். இரவில் மரப்படிகளில் யாரோ ஏறும் சத்தம் கேட்கிறது. பின்னறையில் ஒரு மூலை மட்டும் சில்லென்று இருக்கிறது. கூடத்தில் யாரோ நிற்பதுபோல் இருப்பதாக விருந்தினர்களும் சொல்லியிருக்கிறார்கள். அமானுஷ்ய ஆய்வுக் குழு ஒன்று கருவிகளோடு ஓர் இரவு தங்கி, காணொளியாக வெளியிட அனுமதி கேட்கிறது. உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். விடலாமா?

சுண்ணாம்புக்காரை:
அதற்கு முன் ஒரு கேள்வி. வீட்டில் எரிவாயு அடுப்பு, விறகடுப்பு, கொதிகலன் எதுவும் உண்டா? புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? கேலியாகக் கேட்கவில்லை. 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய வீடொன்றில் குடியேறியவர்களுக்குக் காலடிச் சத்தம், யாரோ பின்தொடரும் உணர்வு, தலைவலி, சோர்வு. தொட்டிச் செடிகள்கூட வாடின. வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். நிறமும் மணமும் இல்லாத விஷவாயு அது. பெரியம்மா தனியாக இருக்கிறார் என்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்கும் எச்சரிக்கைக் கருவியை இன்றே மாட்டுங்கள். பேயை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது என் தொழில். பகலில் மிதிபட்டு அழுந்திய படிப்பலகை, இரவில் வெப்பமும் ஈரமும் மாறும்போது ஆணியை உரசிக்கொண்டு நிமிரும். ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தால் கேட்பவருக்கு அது காலடிதான்.

நடுநிசி:
வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் வாயு, பலகை, ஆணி என்று தீர்ப்பு எழுதிவிட்டார்! பெரியம்மாவுக்குத் தலைவலி என்று யார் சொன்னது? அமானுஷ்ய அனுபவங்களை ஆராய 1882இல் லண்டனில் தொடங்கிய சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச் என்ற சங்கம், 17,000 பேரிடம் விசாரித்து 1894இல் அறிக்கை வெளியிட்டது. விழித்திருக்கும்போதே, அங்கே இல்லாத ஒருவரைப் பார்த்ததாகவோ, குரல் கேட்டதாகவோ, யாரோ தொட்டதாகவோ ஏறக்குறைய பத்தில் ஒருவர் சொன்னார். அத்தனை பேர் வீட்டிலும் ஆணியா உரசியது?

ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர், பேய்க்குப் பெயர்போன இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நிலவறைகளிலும் பார்வையாளர்களை நடக்கவிட்டு ஆராய்ந்தார். 2003இல் வெளியான முடிவு: கெட்ட பெயர் எடுத்த இடங்களில்தான் விசித்திர அனுபவங்கள் கூடுதலாக வந்தன. அந்தக் கதைகளை முன்பே அறிந்திருந்தார்களா என்பது அதைப் பாதிக்கவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்கன்:
அதே கட்டுரையின் மறுபாதியைச் சொல்கிறேன். வெளிச்சம், அறையின் அளவு, காந்தப்புலத்தின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றோடு அந்த அனுபவங்களுக்குத் தொடர்பு தெரிந்தது. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்பது சரி. அது இறந்தவர் என்பது நீங்கள் ஒட்டிய சீட்டு.

விக் டேண்டி என்ற பொறியாளரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தன் ஆய்வகத்தில் சாம்பல்நிற உருவம் தெரிந்ததைத் துருவிப் பார்த்து, புதிய மின்விசிறி ஒன்று காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புவதைக் கண்டுபிடித்தார். 1998இல் கட்டுரையாக வெளிவந்தது.

நடுநிசி:
இதற்காகத்தான் காத்திருந்தேன். 2009இல் கிறிஸ் ஃப்ரெஞ்ச் என்ற உளவியலாளரின் குழுவினர் லண்டனில் தனி அறை அமைத்து, அதே தாழ்ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். பலருக்கு விசித்திர உணர்வுகள் வந்தன. ஆனால் ஒலியும் புலமும் இருந்தனவா இல்லையா என்பதோடு அதற்குத் தொடர்பே தெரியவில்லை. நீங்கள் நம்பும் விசிறிக் கதையும் ஒரு பேய்க்கதைதான், ஐயா!

கணக்கன்:
அந்த ஆய்வால் சங்கடம் உங்களுக்குத்தான். எந்தக் குடும்பத்தின் நினைவும் படியாத வெற்று அறை அது. விசித்திரமாக ஏதாவது தோன்றலாம் என்று முன்கூட்டிச் சொன்னார்கள், தோன்றிவிட்டது. இருட்டில் கேமராவோடு நுழைந்து "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

அவர்கள் கருவிகளைப் பற்றியும் கேளுங்கள், மாடிப்படி. சிவப்புப் புள்ளி அடிக்கும் வெப்பமானி சுவரின் மேற்பரப்பை அளக்கும், நடுவில் இருக்கும் காற்றை அளக்காது. அதை வைத்துக்கொண்டு அறை நடுவே குளிர்ந்த இடம் தேடுகிறார்கள்! மின்காந்த அளவி பழைய மின்கம்பிக்கு அருகே துடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஒலிப்பதிவுக் கருவி அமைதியில் தானாகவே உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். அந்த இரைச்சலில் காது ஒரு சொல்லைத் தேடி எடுத்துவிடும். படத்தில் மிதக்கும் ஒளி உருண்டை, பிளாஷ் வெளிச்சம் பட்ட தூசி.

ஒப்பந்தம்:
வாதத்துக்கு நடுவே ஒரு சட்டச் செய்தி. நியூயார்க் மாநிலத்தின் நயாக் ஊரில் ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டில் பேய் உண்டு என்று பத்திரிகைகளில் பரப்பியிருந்தார். விற்கும்போது அதைச் சொல்லவில்லை. வாங்கியவர் வழக்குத் தொடுக்க, 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் "சட்டத்தின் பார்வையில் இது பேய் வீடுதான்" என்று கூறி, ஒப்பந்தத்திலிருந்து விலக அவரை அனுமதித்தது. காணொளி வெளியான பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. வீட்டின் பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்திடாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

மாடிப்படி:
ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பெரியப்பா போன ஆண்டு இறந்தார். படியில் கேட்பது அவர் நடைதான் என்கிறார் பெரியம்மா. அவருக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் எங்களுக்குத்தான்.

இளையவள்:
முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இரண்டு பேரும் அவரை விட்டுவிட்டு அரண்மனையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்திருந்தார்கள். சிலர் பார்த்தும் கேட்டும் இருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. பெரியம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஒளிப்பதிவுக் கருவிக்கு முன் அதை நிரூபிக்கச் சொல்வது அநியாயம். ஆணிதான் என்று சாதிப்பதும் அவ்வளவு அழகில்லை.

நடுநிசி:
விருந்தினர்களுக்கும் தோன்றியதே? அவர்களும் துக்கத்திலா இருந்தார்கள்?

கணக்கன்:
அவர்கள் முதல்முறை சொன்னபோது ஏற்கெனவே என்ன கேள்விப்பட்டிருந்தார்கள்? அதுதான் தெரியவேண்டும். ஒவ்வொருவரும் மற்றவரிடம் பேசாமல் தேதி, நேரம், நின்ற இடம், அன்றைய வானிலை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக்கொடுக்கட்டும். அது இல்லாமல் நடத்தும் எந்த ஆய்வும் ஒருவர் கதையை இன்னொருவர் வாயில் போடுவதுதான்.

சுண்ணாம்புக்காரை:
படிக்கு எளிய சோதனை உண்டு. ஒன்றுவிட்டு ஒரு பலகையைத் திருகாணியால் இறுக்குங்கள். இறுக்கிய படிகள் மட்டும் அமைதியானால் விடை கிடைத்துவிடும். சில்லென்ற மூலையில் ஊதுவத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மூடிய கதவின் இடுக்கிலிருந்தோ பழைய புகைபோக்கியிலிருந்தோ காற்று வரலாம்.

மாடிப்படி:
குழுவுக்கு மறுப்புச் சொல்லிவிட்டோம். எழுதிக்கொடுக்க எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். படியில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது என்கிறார் பெரியம்மா.

நடுநிசி:
பார்த்தீர்களா! அவருக்குத் தெரியும்.

கணக்கன்:
சத்தம் நின்றுவிடுமோ என்ற அச்சம்கூட இருக்கலாம். எதையும் முடிவுகட்ட முடியாது.

சுண்ணாம்புக்காரை:
படியை விடுங்கள். எச்சரிக்கைக் கருவியை மாட்டியாயிற்றா? அவர் தூங்கும் அறைக்கு அருகே, உறக்கத்திலும் கேட்கும்படி இருக்கட்டும். புகைபோக்கியைப் பார்க்க ஆளை அழைத்து, எந்த நாளில் வருகிறார் என்று சொல்லுங்கள்.