ரிஸ்பெரிடோன் எடுக்கும் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருமா?

கேள்வி (ஒரு தாய்):
வணக்கம். ஆட்டிசம் உள்ள என் ஒன்பது வயது மகன், ஆவேசம் வந்தால் தன்னையே அடித்துக்கொள்வான். மருத்துவர் ரிஸ்பெரிடோன் எழுதிக் கொடுத்த பிறகு ஆவேசம் தணிந்து, இரவில் நன்றாக உறங்குகிறான். ஆனால் சாப்பிட்டு எழுந்ததுமே மறுபடியும் பசிக்கிறது என்கிறான். எடை வேகமாகக் கூடுகிறது, கழுத்தின் பின்புறமும் கறுத்து வருகிறது. என் தாயாருக்கும் மாமனாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. மருந்தை நிறுத்திவிடலாமா?

மறுமொழி (குழந்தைகள் மனநல மருத்துவர்):
சகோதரி, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் பழைய ஆவேசம் கடுமையாகத் திரும்பக்கூடும். அதே வேளையில், உங்கள் அச்சம் நியாயமானதே. அமெரிக்காவின் டென்னசி மாநில அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், 6 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் ரிஸ்பெரிடோன் போன்ற ஆன்டிசைக்கோடிக் (மனநோய் எதிர்ப்பு) மருந்துகளைப் புதிதாகத் தொடங்கியோருக்கு, வேறு மனநல மருந்துகளைத் தொடங்கியோரைவிட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. எனினும், நோய் கண்டவர்களின் மொத்த எண்ணிக்கை குறைவே என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இம்மருந்துகள் பசியைத் தூண்டி எடையைக் கூட்டுவதால், உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போகிறது. கழுத்துக் கறுப்பு அதன் அடையாளமாக இருக்கக்கூடும். ஆகவே அடுத்த முறை வரை காத்திராமல், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு), கொழுப்பு ஆகிய பரிசோதனைகளை இப்போதே செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மறுமொழி (ஒரு தந்தை):
எங்கள் மகளுக்கு மருந்தைத் தொடங்குமுன் யாரும் இரத்தம் எடுக்கவில்லை. பிறகு வந்த அளவை எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியவில்லை. தொடக்க எடையைத் தேடிக் குறித்து வையுங்கள். அந்தப் பசி மருந்தால் வருவது, பிள்ளையின் பிடிவாதம் அன்று. ஆகையால் கடிந்துகொள்ளாமல், பிஸ்கட்டையும் பழச்சாற்றையும் வீட்டில் வைக்காமல், சுண்டலும் மோரும் கைக்கெட்டும்படி வைத்தோம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மருந்தை மாற்றவோ, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்பார்மின் கொடுக்கவோ இயலுமா?

மறுமொழி (மருத்துவர்):
இரண்டும் உண்டு. இதே வகையைச் சேர்ந்த ஒலான்சபின் என்ற மருந்தோடு ஒப்பிட்டால், அரிப்பிபிரசோல் என்ற மருந்து எடையைக் குறைவாகவே கூட்டுகிறது. ஆனால் அதிலும் கூடுவதுண்டு. இவ்வகை மருந்துகளால் எடை கூடிய, ஆட்டிசம் உள்ள 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் மெட்பார்மின் பலன் தந்திருக்கிறது. எதைத் தேர்வதென்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.