மூலக்கூறுத் தகவல்தொடர்பு: எந்தப் பண்பேற்றம் சரிவரும்?

மன்னார்குடி மாணவன்:
கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு நானோ இயந்திரங்களின் மூலக்கூறுத் தகவல்தொடர்பை, அதாவது மூலக்கூறுகளை விட்டுச் செய்தி அனுப்புவதை, எடுத்திருக்கிறேன். தண்ணீரில் 10 மைக்ரோமீட்டர் இடைவெளி. மூலக்கூறு விட்டால் 1, விடாவிட்டால் 0. பிட்டை வேகமாக அனுப்பினால் 0 எல்லாம் 1 ஆகவே தெரிகிறது. வேறு பண்பேற்றம், அதாவது பிட்டை மூலக்கூறில் ஏற்றும் வேறு முறை, சொல்லுங்களேன்.

வடவாற்றங்கரை:
முன்பு விட்ட மூலக்கூறுகள் இன்னும் அங்கேயே அலைகின்றன, அதுதான் காரணம். விரவல் குணகம் (மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு) நொடிக்கு 1000 சதுர மைக்ரோமீட்டர் என்றால், அந்த இடைவெளியில் செறிவு உச்சம் தொட சுமார் 17 மில்லிநொடி ஆகும். ஏறுவது சட்டென்று, இறங்குவதுதான் இழுத்துக்கொண்டே போகும். இடைவெளி இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு, உச்சமோ எட்டில் ஒரு பங்கு.

திருவையாறு பயிர்க்காவலன்:
தம்பி, செறிவை விட்டுவிட்டு, இரண்டு மூலக்கூறுகளின் விகிதத்தில் பிட்டை ஏற்றிப் பாருங்கள். எங்கள் சம்பா வயலில் குருத்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். உள்ளே தொங்கும் சின்ன ரப்பர் துண்டில் ஊறியிருப்பது இரண்டு ஆல்டிஹைடுகள்: இசட்-11-ஹெக்சாடெசினால் மூன்று பங்கு, இசட்-9-ஹெக்சாடெசினால் ஒரு பங்கு. அணுக்கள் எல்லாம் ஒன்றே, இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடம் மட்டும் வேறு; இப்படிப்பட்டவற்றை மாற்றியங்கள் (isomers) என்பார்கள். பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடும் கலவையும் இதேதான். காற்றில் போகப் போக அளவு குறையும். எடை ஒன்றே என்பதால் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். எத்தனை அழகான ஏற்பாடு! நா ரே கிம், சான் பியூங் சே என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013-இல் ஹெக்சோஸ் சர்க்கரைகளை வைத்து இப்படி மாற்றியங்களின் விகிதத்தில் பிட்டை ஏற்றும் பண்பேற்றத்தை முன்வைத்தார்கள். அதை அவசியம் படியுங்கள்.

மன்னார்குடி மாணவன்:
அருமை சார்! அப்படியானால் பழைய மிச்சம் தொல்லை தராதா?

திருவையாறு பயிர்க்காவலன்:
தரும். முந்தைய பிட்டின் மிச்சம் புது விகிதத்தையும் கலைக்கும். நரம்பும் தசையும் சேருமிடத்தில் அசிட்டைல்கோலின் என்ற செய்தி மூலக்கூறை ஒரு நொதி உடனுக்குடன் உடைத்துவிடுகிறது. அதுபோல நீங்களும் சிமுலேஷனில் ஒரு சிதைவு வீதம் சேருங்கள். அப்புறம், இரண்டு மாற்றியங்களுக்கும் தனித்தனி ஏற்பி (மூலக்கூறைப் பிடித்து உணரும் பகுதி) வேண்டும். வந்து சேரும் மூலக்கூறுகள் சொற்பமாக இருந்தால் விகிதம் தாறுமாறாக ஆடும். அதனால் முதலில் பிட்டுக்கு 500 விட்டுப் பாருங்கள், பிறகு 5000. இரண்டிலும் பிழை வீதம் எவ்வளவு என்று இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.